பால் குடிக்காத பிள்ளையும் கல்சியத்தின் கதையும்

(கொஞ்சம் நீண்ட பதிவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் ஆறுதலாக வாசியுங்கள்.)

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எல்லா ஆசிரியர்களும் பெற்றோர் கூட்டத்தில் கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. "ரீச்சர், இவள் பாலே குடிக்கிறாளில்ல. எலும்பு வளருமா?" கேட்கும் தாயின் முகத்தில் குற்றவுணர்ச்சி இருக்கும். கூலி வேலைக்குப் போகும் வாப்பாவின் இரண்டு நாள் உழைப்பு, "உயரமாக வளரலாம்" என்று விளம்பரம் செய்யும் ஒரு ரின்னுக்குப் போயிருக்கும். அந்த ரின்னையும் பிள்ளை தொடாது.

"பால் இல்லாவிட்டால் எலும்பு இல்லை" என்ற இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கல்சியம் வேண்டும் என்று யார், எப்போது, எப்படிக் கணக்குப் போட்டார்கள்? தேடிப் போனால் அந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் எங்கள் நாட்டிலேயே நடந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிவு.

*

முதலில் மேற்கு.

1922இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஷேர்மனும் அவருடைய துணையாளர் ஹோலியும் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பிள்ளை உட்கொள்ளும் கல்சியத்தையும் கழிவோடு வெளியேறும் கல்சியத்தையும் அளந்து, உடம்பில் மிஞ்சுவதைக் கணக்கிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம், அதாவது 1000 மில்லிகிராம் கல்சியம் நல்லது என்பது அவர்கள் முடிவு. அவ்வளவையும் சுலபமாகக் கொடுக்கக்கூடியது பால்தான். ஏறத்தாழ நாலு கிளாஸ்.

1926இல் இங்கிலாந்தில் கொரி மான் என்ற வைத்தியர் தன் ஆய்வை வெளியிட்டார். விடுதியொன்றில் வளர்ந்த பையன்களில் ஒரு பகுதியினருக்கு வழமையான சாப்பாட்டோடு தினமும் ஒரு பைந்து பால் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் பால் கிடைத்த பையன்கள் சராசரியாக 2.63 அங்குலம் வளர்ந்தார்கள். பால் கிடைக்காதவர்கள் 1.84 அங்குலம். இப்படியான ஆய்வுகள்தான் பிறகு இங்கிலாந்துப் பாடசாலைகளில் பால் கொடுப்பதற்கு அடித்தளமாயின. 1946இல் அங்கே எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பால் இலவசமானது.

இதில் ஒரு பிழையும் இல்லை. பால் நல்ல உணவு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்த எண்கள் எல்லாம் மாடு நிறைந்த, பால் மலிந்த குளிர் நாடுகளில் பிறந்தவை. சோற்றையும் மீனையும் கீரையையும் நம்பி வாழும் ஊரில் இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

*

இப்போது இலங்கை.

1934-35இல் எங்கள் நாட்டில் பெரிய மலேரியாக் கொள்ளை வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். உலகப் பொருளாதார மந்தம், வரட்சி, பசி, நோய் எல்லாம் ஒன்றாக வந்த காலம். ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி அரசாங்கமும் வைத்தியர்களும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர், கொழும்பில் பக்டீரியா ஆய்வு நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்த லூசியஸ் நிக்கல்ஸ். வெப்ப நாடுகளின் போஷாக்கைப் பற்றி 1938இல் ஒரு பாடநூலே எழுதியவர்.

1939இல் நிக்கல்ஸும் அவரோடு பணியாற்றிய நிமலசூரிய என்ற இலங்கை ஆய்வாளரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கைப் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் கல்சியம்தான் உட்கொள்கிறார்கள், அமெரிக்கக் கணக்கில் இது ஐந்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் இந்தப் பிள்ளைகளின் உடம்பு அந்தக் கொஞ்சத்திலேயே கூடிய பங்கை உறிஞ்சி, எலும்புக்குச் சேமித்துக்கொண்டு வளர்கிறது. குறைந்த கல்சியத்துக்கு உடம்பு பழகிக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன செய்தி.

உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு மேற்கோள் காட்டிய கட்டுரை இது. ஆசிரியர் கலாசாலையில் எத்தனையோ வெள்ளைக்காரர் பெயர்களை மனப்பாடம் செய்தோம். இலங்கைப் பிள்ளைகளின் எலும்பு உலக அறிவியலில் ஒரு வாதமாக இருந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

*

அதே காலத்தில், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், நீலகிரியில் இருக்கும் குன்னூரில் இன்னொரு ஆய்வுகூடம் இருந்தது. றொபேட் மக்கரிசன் உருவாக்கிய அந்த ஆய்வுகூடத்துக்கு 1935இல் வொலஸ் அய்க்ரொய்ட் பணிப்பாளராக வந்தார். தென்னிந்திய ஏழைகள் சாப்பிடும் சோற்றுணவில் என்னென்ன குறை என்று தேடியவர். 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை முதன்முதலில் தொகுத்து வெளியிட்டவரும் அவர்தான்.

அய்க்ரொய்டும் கிருஷ்ணனும் விடுதிப் பிள்ளைகளுக்கு ஆடை நீக்கிய பால் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். பாலில் இருக்கும் எது இந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டு, பாலே இல்லாமல் கல்சியம் லக்ரேற்றை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் பலன் தெரிந்தது.

கவனியுங்கள். ஒரே காலம். ஒரே சோறு. கொழும்பு சொல்கிறது, கொஞ்சத்துக்கு உடம்பு பழகிவிடும் என்று. குன்னூர் சொல்கிறது, கூட்டிக் கொடுத்தால் பிள்ளை இன்னும் வளரும் என்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம். குறைந்த கூலியில் ஒரு குடும்பம் பழகிக்கொள்ளும். ஆனால் பழகிக்கொண்டது என்பதற்காக அந்தக் கூலி போதும் என்று சொல்ல முடியுமா?

"பழகிவிட்டார்கள்" என்ற சொல்லில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆட்சியில் இருப்பவருக்கு அது வசதியான சொல். ஏழைப் பிள்ளைக்குப் பால் வேண்டாம், கஞ்சி போதும், அவன் உடம்பு பழகியது என்று கை கழுவிவிடலாம். ஆனால் குள்ளமாக இருப்பதும் ஒருவகைப் பழக்கம்தான்.

*

போர் முடிந்தபின் அய்க்ரொய்ட் 1946இல் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பில் போஷாக்குப் பிரிவின் முதல் பணிப்பாளர் ஆனார். 1961இல் அந்த அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து, கல்சியத்துக்கென்றே ஒரு நிபுணர் குழுவை ரோமில் கூட்டின. நிக்கல்ஸின் ஆய்வைப் போல ஏழை நாடுகளிலிருந்து வந்த பல ஆய்வுகள் அப்போது கைவசம் இருந்தன. குழு எண்ணைக் குறைத்தது. 1 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு 400 முதல் 500 மில்லிகிராம், 10 முதல் 15 வயது வரை 600 முதல் 700 மில்லிகிராம் போதும் என்றது.

சரி, கொழும்பு வென்றது என்று நினைப்போம். கதை அங்கே முடியவில்லை.

1991இல் பெரும் சூறாவளி அடித்தபின் பங்களாதேஷின் சக்காரியா என்ற கரையோரப் பகுதிக்கு உதவிக்குப் போனவர்கள், கால் வளைந்த பிள்ளைகளைக் கண்டார்கள். ரிக்கெற்ஸ் எனும் எலும்பு மெலிவு நோய். வெயில் கொளுத்தும் நாட்டில் விற்றமின் டி குறைவால் வரும் நோய் எப்படி? தேடிப் பார்த்தால் குறை விற்றமினில் இல்லை, கல்சியத்தில். 1999இல் நைஜீரியாவிலிருந்து தச்சரும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வு இதை உறுதியாகக் காட்டியது. அங்கே நோய்ப்பட்ட பிள்ளைகள் உட்கொண்ட கல்சியமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம்தான். விற்றமின் டி மட்டும் கொடுத்தவர்களை விட, கல்சியம் கிடைத்த பிள்ளைகளே நன்றாகக் குணமானார்கள்.

அதே 200! 1939இல் இலங்கையில் "பழகிவிட்டது" என்று சொன்ன அதே எண். ஒரு ஊரில் பிள்ளை தாங்குகிறது, இன்னொரு ஊரில் கால் வளைகிறது. சாப்பாட்டில் வேறென்ன இருக்கிறது, என்ன தானியம், எவ்வளவு மீன், எவ்வளவு வெயில், வயிற்றில் புழு உண்டா என்பதையெல்லாம் பொறுத்து அது மாறுகிறது.

2016இல் உலக நிபுணர்கள் சேர்ந்து ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ரிக்கெற்ஸ் ஆபத்து கூடுகிறது. உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2002இல் ஆய்வு செய்து பரிந்துரைத்த எண்கள் இவை: 1-3 வயது 500, 4-6 வயது 600, 7-9 வயது 700, 10 வயதுக்கு மேல் 1300 மில்லிகிராம்.

ஆக, 1000, 200, 500, 700 என்று நூறு ஆண்டுகளாக எண் ஆடிக்கொண்டே வந்திருக்கிறது. இதிலிருந்து தாய்மாருக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு விசயம். உங்கள் பிள்ளை பால் குடிக்காததால் எலும்பு உடைந்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் "எங்கட ஆக்களுக்கு இது தேவையில்லை" என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம்.

*

இனி எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

பால்மா எங்கள் வீடுகளுக்குள் இவ்வளவு ஆழமாக வந்தது நீண்ட காலத்துக்கு முன் அல்ல. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் இறக்குமதிப் பால்மா மூலைமுடுக்குக் கடை வரை பரவியது. இன்றும் அதில் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருகிறது. ஒரு நாட்டின் பிள்ளைகளுடைய எலும்பு கப்பலில் வரும் பொருளில் தங்கியிருந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது குடாநாட்டு மக்கள் உணவுப் பொருளுக்கு வரிசையில் நின்றார்கள். 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. 400 கிராம் பால்மா பக்கற் 790 ரூபாவுக்குப் போனது. அந்த நாட்களில் எத்தனை வீடுகள் வெறும் தேத்தண்ணிக்கு மாறின!

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பால் தேத்தண்ணி ஒன்றுக்கு நாங்கள் போடுவது ஒரு தேக்கரண்டி பால்மா, சுமார் 5 கிராம். அதில் கல்சியம் 45 மில்லிகிராம் அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டு முறை குடித்தால் ஒரு நாளைக்கு 50 கிராம் பால்மா. 400 கிராம் பக்கற் எட்டு நாளில் முடிந்துவிடும். பிள்ளைக்குக் கிடைத்தது? நாளுக்கு 90 மில்லிகிராம். அதே பக்கற்றைப் பெரியவர்கள் தொடாமல், பிள்ளைக்கு மட்டும் தினம் 25 கிராமில் ஒரு கிளாஸ் கரைத்துக் கொடுத்தால் 16 நாள் வரும். நாளுக்கு 230 மில்லிகிராம் கிடைக்கும். காசு அதே காசு. வாப்பாமார் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கட்டும், குறைந்துபோக மாட்டார்கள்.

பாலே தொடாத பிள்ளைக்கு? எங்கள் மண்ணின் சாப்பாட்டைப் பாருங்கள். இந்தியாவின் சத்து அட்டவணைகளில் 100 கிராமுக்கான கணக்கு இது. தீட்டிய பச்சையரிசியில் 10 மில்லிகிராம் கல்சியம். குரக்கனில் 344. பசும்பாலில் 120. முருங்கை இலையில் 440. அகத்தி இலையில் 1130. எள்ளில் 1450. தேங்காயில் வெறும் 10. பாற்சொதிக்குப் பெயரில்தான் பால்!

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கீரையில் இருக்கும் ஒக்சலேற்றும் தானியத்தில் இருக்கும் பைற்றேற்றும் கல்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குரக்கனை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து இடித்தால் பைற்றேற்று குறையும். எங்கள் முன்னோர் அந்தப் பெயரை அறியாமலே அந்த வேலையைச் செய்தார்கள்.

மீனும் அப்படித்தான். மீனின் கல்சியம் முள்ளில் இருக்கிறது, சதையில் அல்ல. அறக்குளாத் துண்டை முள்ளெடுத்து ஊட்டினால் புரதம் கிடைக்கும், கல்சியம் பெரிதாகக் கிடைக்காது. நெத்தலியை மொறுமொறுவென்று பொரித்து முள்ளோடு சாப்பிட்டால்தான் கணக்கில் சேரும். எலும்பு சூப்பும் ஆசைப்படுமளவு கல்சியம் தராது. எலும்பு கொதித்தாலும் கல்சியத்தை இலகுவில் விடாது.

பனையைப் பாருங்கள். கருப்பணி புளிக்காமல் இருக்க முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். அந்தச் சுண்ணாம்பில் ஒரு பங்கு கருப்பணியோடு சேர்ந்து பனங்கட்டிக்கும் வந்துவிடுகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு போட்ட கிழவிகளுக்கும் கல்சியம் கிடைத்தது. ஆனால் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்று நோயைக் கொண்டுவரும், அந்தப் பழக்கத்தை யாரும் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

கடைசியாகத் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆறு இல்லாத எங்கள் ஊருக்கு அந்தக் கல்லுக்குள் தேங்கிய நீர்தான் கிணறு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. ஒரு லீற்றர் தண்ணீரில் 100 மில்லிகிராம் இருந்தால் அது கிட்டத்தட்ட அரை கிளாஸ் பாலுக்குச் சமம். இன்று பல வீடுகளில் வடிகட்டிய போத்தல் தண்ணீர். கிணற்றில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருக்கும் பயம் நியாயமானது, அதனால் பழைய கிணற்றுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் தாத்தாமாருக்குத் தண்ணீரோடு சும்மா கிடைத்த ஒன்றை வடிகட்டி வெளியே விட்டுவிட்டோம் என்பதையும் கணக்கில் வைத்திருப்போம்.

*

என்னுடைய தலைமுறை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். நிவாரண அரிசி, மா, பருப்பு. பால்மா பெருநாள் சாமான். உம்மாமார் என்ன செய்தார்கள்? கொட்டில் கட்டியவுடன் முருங்கைக் கொப்பு ஒன்றை ஊன்றினார்கள். கற்பிட்டிக் கரையில் மலிவாகக் கிடைத்த பொடிமீனை வாங்கி முள்ளோடு பொரித்தார்கள். எந்த அட்டவணையையும் அவர்கள் வாசிக்கவில்லை. ஆனால் எங்களில் எல்லோரும் அதில் தப்பிவிட்டோம் என்று அழகாகச் சொல்லி முடிக்கவும் எனக்கு மனமில்லை. வயதுக்கு ஏற்ற உயரம் வராத பிள்ளைகள் அந்த முகாம்களில் இருந்தார்கள். உம்மாவின் கெட்டித்தனத்தைப் பாராட்டுவோம். அது இருக்கிறதே என்று பிள்ளைகளின் உணவுக்குப் பொறுப்பானவர்கள் விலகிக்கொள்ள விடக் கூடாது.

*

சரி ரீச்சர், இதெல்லாம் கொடுத்தாலும் பிள்ளை சாப்பிடுதில்லையே என்பீர்கள்.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் வைத்தியர் 15 குழந்தைகளுக்குத் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே தெரிவுசெய்ய விட்டுப் பார்த்தார். 34 வகை உணவு இருந்தது. யாரும் ஊட்டவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. நாளுக்கு நாள் தாறுமாறாகச் சாப்பிட்டார்கள், ஆனாலும் நன்றாக வளர்ந்தார்கள். ரிக்கெற்ஸோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீனெண்ணெயும் வைக்கப்பட்டது. குணமாகும் வரை அதைத் தானாகவே குடித்தது. 1939இல் தன் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னபோது டேவிஸ் ஒரு இரகசியத்தையும் சொன்னார். அந்த 34இல் கெட்ட உணவு ஒன்றுமே இருக்கவில்லை. எதை வைப்பது என்பது பெரியவரின் வேலை. அதில் எதை, எவ்வளவு என்பது பிள்ளையின் வேலை.

எங்கள் வீட்டில் நடப்பது தலைகீழ். மேசையில் பிஸ்கற்றும் சோடாவும் இருக்கும், கையில் பிரம்பும் பால் கிளாஸும் இருக்கும்.

ஆகவே செய்யக்கூடியவை:

ஏழு வயதுப் பிள்ளைக்கு இலக்கு 700. காலையில் 50 கிராம் குரக்கன் மாவில் புட்டு, 170. மத்தியானச் சோற்றோடு 30 கிராம் முருங்கை இலை வறை, 130. பின்நேரம் 10 கிராம் எள் உள்ள ஒரு எள்ளுருண்டை, 145. ஒரு சின்னக் கப் தயிர் அல்லது யோகட், 120. பாலில்லாமலே 565 வந்துவிட்டது. நெத்தலியும் பருப்பும் மரக்கறியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

குரக்கனின் நிறம் பிடிக்காத பிள்ளைக்கு அரிசிமாவோடு பாதிக்குப் பாதி கலந்து தொடங்குங்கள். முருங்கை இலையை முட்டையோடு சேர்த்துப் பொரித்தால் தனியாகத் தெரியாது. ஒரு உணவைப் பிள்ளை வேண்டாம் என்றால் ஒரு கிழமை விட்டுத் திரும்ப வையுங்கள். பத்துத் தடவை கண்டபிறகு தொடும் பிள்ளைகள் எத்தனையோ உண்டு. மாலையில் வெயிலில் விளையாட விடுங்கள். விற்றமின் டி இல்லாமல் கல்சியம் உடம்பில் சேராது.

கால் வளைவது, நடக்கப் பிந்துவது, எலும்பு வலி, வளர்ச்சி அட்டையில் கோடு கீழே போவது இவற்றில் எதையும் கண்டால் முகநூல் பதிவுகளை நம்பியிராமல் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ காட்டுங்கள்.

ரின் வாங்க முடியாத தாய் யாரும் தலைகுனிந்து என் முன்னால் நிற்க வேண்டியதில்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் என்ன வைத்தீர்கள் என்று சொல்லுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம். முருங்கைக் கொப்பு வேண்டியவர்கள் கொமன்ற்றில் சொல்லுங்கள், எங்கள் வளவில் நிறைய நிற்கிறது.